பழைய விண்டோஸுக்குத் திரும்பிய பள்ளிவாசல் கணினி: தொலைந்த நான்கு மாதக் கணக்கும் நான் கற்ற பாடமும்

2025 ஒக்டோபர் மாத ஆரம்பத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின்னர் எமது மஹல்லாப் பள்ளிவாசல் பொருளாளர் ஹாஜியார் எனக்குத் தொலைபேசியில் அழைப்பெடுத்தார். "தம்பி, ஒஃபிஸ் கொம்பியூட்டரப் புதுசாக்கி வச்சிருக்காங்க. இப்ப ரிசீட் அடிக்கிற மெஷின் வேலை செய்யுதில்ல. பழைய மாதிரியே ஆக்கித் தாங்க, எங்களுக்கு அதே போதும்" என்றார்.

நடந்தது இதுதான். காரியாலய வேலைகளுக்கு உதவும் இளைஞர் ஒருவர், கணினியில் இருந்த விண்டோஸ் 10 இயங்குதளத்தை விண்டோஸ் 11ஆக மாற்றியிருந்தார். அவரது எண்ணம் நல்லது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்துவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்திருந்தது. ஆனால் எமது கணினி பழையது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ப்ரொசெஸரும் வேண்டும். எம்முடையதில் இரண்டும் இல்லை. இணையத்தில் பார்த்த குறுக்கு வழியொன்றினால் அவர் அந்தத் தடையைத் தாண்டியிருந்தார். கணினி மந்தமானது. பற்றுச்சீட்டு அச்சிடும் பழைய ப்ரிண்டருக்குப் புதிய விண்டோஸில் ட்ரைவர் இருக்கவில்லை.

கணினி திருத்துவதுதான் எனது தொழில். அரை நாள் வேலை என்று நினைத்துக்கொண்டு போனேன். அரை நாளில் கணினி பழைய விண்டோஸுக்குத் திரும்பவும் செய்தது. ஆனால் ஜூன் முதல் ஒக்டோபர் வரையான சந்தாக் கணக்கு திரும்பி வரவில்லை. அதற்குக் காரணம் அந்த இளைஞருமல்ல, ஹாஜியாருமல்ல. நான்தான். எமது பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் கடைகளிலும் இதே நிலையில் எத்தனையோ கணினிகள் இருப்பதால், என்ன பிழைத்தது என்பதை விளக்கமாக எழுதுவது கடமை என்று கருதுகிறேன்.

பத்து நாட்கள் மட்டும் திறந்திருக்கும் வாசல்

விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாறும்போது பழைய விண்டோஸ் உடனடியாக அழிக்கப்படுவதில்லை. சி ட்ரைவில் 'விண்டோஸ் ஓல்ட்' என்ற பெயரில் ஒரு போல்டருக்குள் அது ஒதுக்கி வைக்கப்படுகிறது. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் ரிகவரி என்ற இடத்துக்குச் சென்றால் 'கோ பேக்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பழைய விண்டோஸ் மீண்டு வரும். ஆவணங்களும் படங்களும் அப்படியே இருக்கும். மாற்றத்துக்குப் பின் நிறுவிய மென்பொருட்களும் செய்த அமைப்பு மாற்றங்களும் மாத்திரம் போய்விடும்.

இந்த வாசல் சாதாரணமாகப் பத்து நாட்கள்தான் திறந்திருக்கும். அதன் பின்னர் அந்தப் போல்டரை விண்டோஸ் தானாகவே நீக்கிவிடும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று 'டிஸ்க் க்ளீனப்' செய்து, பத்து நாளைக்கு முன்பே தம் கையாலேயே அதை நீக்கிவிடுபவர்களும் உண்டு. மாற்றம் செய்தவுடனேயே ஒரு சிறிய கட்டளையைக் கொடுத்து இந்தக் காலத்தை அறுபது நாட்கள் வரை நீட்டிக்கொள்ள முடியும். ஆனால் பத்து நாள் முடிந்த பிறகு அதனால் பயனில்லை.

நான் காரியாலயத்துக்குப் போனது பதின்மூன்றாம் நாள். பொத்தான் இருந்தது, அதை அழுத்த முடியவில்லை. முதல் பத்து நாட்களும் ப்ரிண்டர் கேபிளில்தான் கோளாறு என்று எண்ணி கேபிளை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

அழித்துவிட்டுப் போடுதல்

அந்த வாசல் மூடிவிட்டால் எஞ்சியிருப்பது ஒரே வழி. டிஸ்க்கைத் துடைத்துவிட்டு விண்டோஸ் 10ஐப் புதிதாக நிறுவி, எடுத்து வைத்த பிரதிகளிலிருந்து எல்லாவற்றையும் மீளப் போட வேண்டும். புதிய விண்டோஸிலிருந்து பழைய விண்டோஸுக்கு, உள்ளிருக்கும் மென்பொருட்களையும் வைத்துக்கொண்டு அப்படியே இறங்க முடியாது.

நான் டெஸ்க்டொப்பில் இருந்தவற்றைப் பிரதி எடுத்தேன். டொகியூமண்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் அனைத்தையும் எடுத்தேன். போதாதென்று, காரியாலய அலுமாரியில் இருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கையும் பார்த்தேன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் தினமும் தானாகப் பிரதி எடுக்கும்படி அதை நானே அமைத்துக் கொடுத்திருந்தேன். கடைசித் திகதி முந்திய நாள். பிரதி ஒழுங்காக நடக்கிறது என்று மனநிறைவோடு டிஸ்க்கைத் துடைத்தேன்.

விண்டோஸைப் போட்டு, ப்ரிண்டரை இணைத்து, ஒரு பற்றுச்சீட்டும் அச்சிட்டுப் பார்த்துவிட்டுக் கணக்கு மென்பொருளைத் திறந்தேன். வெற்றுத் திரை. ஒரு பெயர்கூட இல்லை.

அந்த மென்பொருள் தனது தரவுகளை டொகியூமண்ட்ஸில் வைப்பதில்லை. சி ட்ரைவில் 'புரோகிராம் டேட்டா' என்று ஒரு போல்டர் உண்டு. வழமையாக அது கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டிருக்கும். சந்தாக் கணக்கு, ஜனாஸா நிதி, மாதாந்த உதவி பெறும் குடும்பங்களின் பட்டியல் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. நான் அமைத்த தானியங்கிப் பிரதி டெஸ்க்டொப், டொகியூமண்ட்ஸ், படங்கள் போன்றவற்றை மட்டுமே எடுத்து வந்தது. இரண்டு வருடங்களாக ஒவ்வொரு நாளும் தவறாமல் நடந்த பிரதியில், மிக முக்கியமான பொருள் ஒரு நாளும் இருக்கவில்லை.

துடைத்த டிஸ்க்கிலிருந்து மீட்கலாமே என்று கேட்பீர்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், அழித்த இடத்தின் மேல் வேறொன்று எழுதப்படாத வரை மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. எமது கணினியில் இருந்தது எஸ்எஸ்டி. இனித் தேவையில்லை என்று குறிக்கப்பட்ட இடங்களை 'ட்ரிம்' எனும் செயல்முறை மூலம் எஸ்எஸ்டி தானே வெறுமையாக்கிவிடும். போதாக்குறைக்கு அதன் மேல் நான் ஒரு முழு விண்டோஸையும் எழுதியிருந்தேன்.

கடைசியில் கைகொடுத்தது, ஹஜ் பெருநாளைக்கு முன்னர் ஜூன் ஆரம்பத்தில் வேறொரு வேலைக்காகச் சென்றபோது கணக்கு மென்பொருளுக்குள்ளிருந்தே நான் எடுத்து வைத்த ஒரு பிரதி. அதை மீளப் போட்டதும் ஜூன் வரையான கணக்கு வந்தது. அதன் பிறகான நான்கு மாதங்கள் வரவில்லை.

எழுத்து இருந்தும் வாசிக்க முடியவில்லை

இன்னொரு சிக்கலும் வந்தது. நிர்வாக சபைக் கடிதங்களும் கூட்டக் குறிப்புகளும் பத்திரமாக இருந்தன. திறந்தால் தமிழ் இல்லை, அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக்கள்தான் வரிசையாக நின்றன. கோப்பு பழுதடைந்துவிட்டது என்று காரியாலயத்தில் பதறிவிட்டார்கள்.

அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தைக் காட்டுபவை. கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு கணினியில் இல்லையென்றால் அந்த ஆங்கில எழுத்தே தெரியும். புதிதாக விண்டோஸ் போடும்போது பாமினி அதனுடன் வராது. ஆகவே எழுத்துருவையும் பிரதி எடுத்து வைக்க வேண்டும். யுனிகோடில் தட்டச்சு செய்த கடிதங்களுக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படவில்லை. எமது நிறுவனங்களில் இன்னும் பாமினியில் இருக்கும் பழைய ஆவணங்களை யுனிகோடுக்கு மாற்றி வைப்பது, வரப்போகும் நிர்வாகங்களுக்கு நாம் செய்யும் பெரிய உதவியாகும்.

கணக்கு தொலைந்தால் சந்தேகம் யார் மீது?

நான்கு மாதச் சந்தாவை எப்படி மீட்டோம்? பற்றுச்சீட்டுகளை ப்ரிண்டரில் அச்சிட்டாலும், ஹாஜியார் தனது பழைய பழக்கத்தை விடாமல் காபன் தாள் வைத்த புத்தகத்திலும் எழுதி வந்திருக்கிறார். "கொம்பியூட்டர் இருக்கே, ஏன் ரெண்டு வேலை?" என்று அவரிடம் ஒரு முறை கேட்டவன் நான். அந்தக் காபன் பிரதிகளை வைத்துக்கொண்டு மூன்று வாரங்கள், ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பின், மூன்று பேர் உட்கார்ந்து மீண்டும் பதிந்தோம்.

ஆனால் மாதாந்த உதவி பெறும் குடும்பங்களின் பட்டியலுக்குக் காபன் பிரதி இல்லை. ஜூனுக்குப் பின் சேர்க்கப்பட்டவர்களை ஹாஜியார் ஞாபகத்திலிருந்து ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு குடும்பம் விடுபட்டுவிட்டது. இத்தாவிலிருந்து வெளிவந்து சில வாரங்களே ஆன ஒரு தாயின் குடும்பம். ஒக்டோபர் மாத உதவி அவர்களுக்குப் போகவில்லை. பட்டியலிலிருந்து தம்மை நீக்கிவிட்டார்கள் என்று நினைத்து அவர் யாரிடமும் கேட்கவுமில்லை. நவம்பரில்தான் விடயம் தெரிய வந்தது.

இதற்கிடையில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. "கணக்கைக் கொம்பியூட்டர் தின்னுட்டுதாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அந்தச் சிரிப்பு யாரைக் குறிவைத்தது என்பது எல்லோருக்கும் விளங்கியது. பல வருடங்களாக ஒரு சதமும் பிசகாமல் கணக்குப் பார்த்த மனிதர் அவர். அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் எழுந்து, தவறு என்னுடையது என்று நான் விளக்கினேன். சபை ஏற்றுக்கொண்டது. ஆனால் கூட்டத்தில் இருந்தவர்கள் சிலர், பேச்சைக் கேட்டவர்கள் பலர். தரவு தொலைந்தால் தொலைவது தரவு மட்டுமல்ல என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

பெரிய இடங்களிலும் நடந்தது

இது சிறிய பள்ளிவாசலில் நடக்கும் கவனக்குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். 2023 ஓகஸ்ட் மாதக் கடைசியில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் கட்டமைப்பு கப்பம் கோரும் வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய சுமார் 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. காரணம், இணைப்பிலிருந்த பிரதிகளையும் வைரஸ் பூட்டிவிட்டது. அந்தக் காலப்பகுதிக்குத் தனியாகக் கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. அங்கு பயன்பாட்டில் இருந்த மின்னஞ்சல் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அதே வருடம் ஏப்ரலில்தான் நிறுத்தியிருந்தது.

உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் தமது வேலைகளைச் சேமித்து வைக்கும் கிட்லெப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31ஆம் திகதி, களைப்போடு வேலை செய்துகொண்டிருந்த ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பிரதி எடுக்க ஐந்து ஏற்பாடுகள் அங்கு இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணித்தியாலங்களுக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்ட ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. எமது ஜூன் மாதப் பிரதியைப் போல.

இரண்டு சம்பவங்களிலும் பிரதி எடுக்கும் ஏற்பாடு இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில்தான் அது கைகொடுக்கவில்லை.

திரும்பிப் போகும் முன் செய்ய வேண்டியவை

முதலாவது, பிரதியை மாற்றத்துக்கு முன்பே எடுக்க வேண்டும். புதியதில் எடுத்த பிரதி பழையதில் திறக்காமல் போகலாம். ஐபோன் பாவிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். புதிய ஐஓஎஸ்ஸில் எடுத்த பிரதியை அதைவிடப் பழைய ஐஓஎஸ் உள்ள போனில் போட முடியாது. பல கணக்கு மென்பொருட்களும் இப்படித்தான்.

இரண்டாவது, ஒவ்வொரு மென்பொருளும் தனது தரவை எங்கே வைக்கிறது என்று கேட்டறிந்து ஒரு தாளில் எழுதுங்கள். மென்பொருளுக்குள்ளேயே 'பேக்அப்' என்ற வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. எழுத்துருக்கள், ப்ரிண்டர் ட்ரைவர், மென்பொருளின் இன்ஸ்டோலர், லைசன்ஸ் இலக்கம் ஆகியவற்றையும் அதே தாளில் சேருங்கள்.

மூன்றாவது, 'பிட்லொக்கர்' பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அது தானாகவே இயங்குகிறது. இயங்குதளத்தில் கை வைத்த பிறகு கணினி 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கலாம். அது இல்லையேல் உள்ளே இருப்பது எதையும் எடுக்க முடியாது. முன்கூட்டியே அதைத் தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள்.

நான்காவது, கணினித் துறையில் 'மூன்று, இரண்டு, ஒன்று' என்று ஒரு விதி சொல்வார்கள். தரவு மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். இரண்டு வெவ்வேறு சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். கூகுள் ட்ரைவிலோ வன்ட்ரைவிலோ இருக்கிறதே என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அவை கணினியில் நடப்பதை அப்படியே பின்பற்றுபவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அழித்தவற்றைச் சில வாரங்கள் குப்பைத் தொட்டியில் வைத்திருக்கும், அவ்வளவுதான். எப்போதும் கணினியில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் வைரஸ் வந்தால் சேர்ந்தே போகும். பிரதி எடுத்ததும் கழற்றி வையுங்கள்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: டிஸ்க்கைத் துடைக்கும் முன் பிரதியை வேறொரு கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள். சென்ற வாரம் கொடுத்த ஒரு பற்றுச்சீட்டைத் தேடிப் பாருங்கள். அது கிடைத்தால்தான் உங்களிடம் பிரதி இருக்கிறது. இந்தப் பத்து நிமிட வேலையை நான் செய்திருந்தால் அந்தத் தாய்க்கு ஒக்டோபர் மாத உதவி போயிருக்கும்.

பழைய விண்டோஸில் எவ்வளவு காலம்?

திரும்பிப் போவது தற்காலிக ஏற்பாடு என்பதை மறக்கக்கூடாது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத இயங்குதளத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. விண்டோஸ் 10க்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட மேலதிகப் பாதுகாப்பு அப்டேட் பெறும் ஏற்பாடொன்றைத் தனிநபர் பாவனையாளருக்கு மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து கணினி அமைப்புகளை அதனுடன் இணைத்தால் கட்டணமில்லை. இல்லையேல் 30 டொலர். அது அவகாசம் மட்டுமே. எமது காரியாலயத்தில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, கணக்குக்கும் பற்றுச்சீட்டுக்கும் மாத்திரம் வைத்திருக்கிறோம். மின்னஞ்சலுக்கு வேறு கணினி. புதிய ப்ரிண்டர் வாங்கியதும் இதையும் மாற்றுவதென்று தீர்மானித்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

எழுதி வைப்பதும் பிரதி வைப்பதும் எமக்குப் புதியவையல்ல. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியும் அதற்குச் சாட்சி வைப்பது பற்றியும்தான் பேசுகிறது. யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனமிட்ட பலர் ஷஹீதானபோது, அதை ஒன்றுதிரட்டி எழுதி வைக்குமாறு அபூபக்ர் (ரழி) அவர்களிடம் வலியுறுத்தியவர் உமர் (ரழி) அவர்கள். பின்னர் உஸ்மான் (ரழி) அவர்கள் பிரதிகள் எழுதச் செய்து பல நகரங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். பாதுகாப்பவன் அல்லாஹ் என்ற உறுதி இருந்தும் அவர்கள் தமது முயற்சியில் குறை வைக்கவில்லை. மக்களின் சந்தாவும் ஸகாத்தும் ஏழைகளின் பெயர்களும் எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அது ஒரேயொரு டிஸ்க்கில், யாரும் திறந்து பார்க்காத நிலையில் இருப்பது சரியாகுமா?

இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாவது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், ஹாஜியார் தனது வீட்டிலிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு வருகிறார். எனது மடிக்கணினியில் அதைப் போட்டு, காபன் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டி, ஓர் இலக்கத்தை வாசிக்கிறார். நான் தேடிக் காட்ட வேண்டும். கிடைத்ததும் தலையை ஆட்டிவிட்டு டிஸ்க்கைத் திரும்ப எடுத்துச் செல்கிறார். காபன் புத்தகத்தில் எழுதுவதை மட்டும் அவர் இன்னும் விடவில்லை. ஏன் என்று நானும் இப்போது கேட்பதில்லை.